காசு ரவுணுக்கு, கடன் எனக்கு

மன்னார்த் தீவில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களை நடத்துகிற ஐயாமார், அம்மாமாருக்கு,

வணக்கம். நான் தீவின் வடகரையில் ஒரு மீனவக் கிராமத்தில், வீட்டு முகப்பை மறித்துச் சின்னக் கடை வைத்திருப்பவள். ஊரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் யார் யார் எனக்குக் கடன்காரர் என்று சனம் விரல்விட்டு எண்ணத் தொடங்கிவிடும்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ரவுணில், அதுதான் மன்னார்ப் பட்டினத்தில், கொழும்புக் கம்பனி திறந்திருக்கிற சூப்பர் மார்க்கெட்டுக்கு நானும் போகிறேன். வீட்டுக்கு வாங்க மட்டுமில்லை, கடைக்கு வாங்கவும்தான். போன மாதம் சலவைத்தூளுக்கு விலைக்கழிவு போட்டிருந்தார்கள். கிழமைக்கு ஒருமுறை வருகிற கம்பனி வான்காரத் தம்பி எனக்குத் தருகிற விலையைவிட, அங்கே றாக்கையில் அடுக்கியிருந்த விலை குறைவு. பன்னிரண்டு பக்கற் எடுத்தேன். காசாளர் பிள்ளை, "ஒரு ஆளுக்கு மூன்றுதான் அக்கா" என்றாள். மகனையும் மருமகளையும் வேறு வேறு வரிசையில் நிற்க வைத்து ஒன்பது பக்கற்றோடு பஸ் ஏறினேன். கடைக்காரி இன்னொரு கடையின் வரிசையில் நின்று சரக்கு எடுக்கிற நிலை வந்துவிட்டது.

அதனால் அந்தக் கடையை மூடச் சொல்லி இந்தக் கடிதத்தை எழுதவில்லை. மூடினால் முதலில் என் மருமகளே என்னோடு சண்டைக்கு வருவாள். சனம் அங்கே போவதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அவை எங்களுக்கு வெட்கமான காரணங்கள். எங்கள் கடைகளில் ஒரு பெண்பிள்ளை மாதவிடாய்ப் பஞ்சு கேட்டால், அதைப் பேப்பரில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டு, ஏதோ களவுச் சாமான் மாதிரிக் கொடுப்போம். அங்கே தட்டிலிருந்து தானே எடுத்துக் கூடையில் போட்டுக்கொள்கிறாள். எங்களிடம் திகதி முடிந்த பிஸ்கட் இருக்கும், அங்கே குறைவு. எங்களிடம் விலை ஆளைப் பார்த்து மாறும் என்று சொல்வார்கள். நான் மாற்றுவதில்லை, ஆனால் மாற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். 2022இல் பால்மாவுக்கும் சீனிக்கும் நாடே வரிசையில் நின்றபோது, தெரிந்த முகத்துக்கு என்று பின்கட்டில் வைத்துக் கொடுத்த கடைகளும் உண்டு, விலை ஏறட்டும் என்று பதுக்கிய கடைகளும் உண்டு. சனம் இரண்டையும் மறக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று இப்போது அந்த சூப்பர் மார்க்கெட்டில் வேலை. ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்கள். இந்தத் தீவில் எந்த முதலாளி கடைப் பொடியனுக்கு அதைக் கட்டினார்?

எனக்கு இருக்கிற பிரச்சினை வேறு. அதற்கு என் கடன் கொப்பியைத்தான் காட்ட வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கடல் வருசம் முழுக்க ஒரே மாதிரிக் கிடப்பதில்லை என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கார்த்திகை பிறந்து வாடைக்காற்று அடிக்கத் தொடங்கினால் வடகடல் கொந்தளிக்கும். வசதி உள்ளவர்கள் படகைத் தென்கரைக்குக் கொண்டு போவார்கள். சின்ன வள்ளக்காரருக்கு அதுவும் இல்லை. தொழில் இல்லாத அந்த நாட்களில் ஊர் சாப்பிடுவது கொப்பியில்தான். "கொப்பியில போடுங்க அக்கா" என்று காலையில் பாணுக்கு வருகிற பிள்ளையிடம் நான் கேள்வி கேட்பதில்லை. கடல் அடங்கி மீன் பட்டால் காசு வரும், கொப்பியில் கோடு அடிப்பேன். ஐம்பது கிராம் தேயிலை, நூறு ரூபாய்க்குப் பருப்பு, போத்தல் கொண்டு வந்தால் கால் போத்தல் தேங்காயெண்ணெய், ஒற்றை ஷாம்பு பக்கற் என்று அன்றாடக் கையிருப்புக்கு ஏற்ற அளவில் விற்பதும் நாங்கள்தான்.

முன்பு இது ஓடியது. ஏனென்றால் மீன் பட்ட காலத்தில் வருகிற கைக்காசும் எங்கள் மேசைக்குத்தான் வந்தது. அந்தக் காசுதான் வாடைக்காலக் கடனைத் தாங்கியது. இப்போது நடப்பது இதுதான்: காசு கிடைத்தால் குடும்பமாக ரவுணுக்குப் பஸ் ஏறுகிறார்கள். ட்ரொலி நிறையச் சாமான், பிள்ளைக்கு ஐஸ்கிறீம், குளிரூட்டிக் காற்று. குறை சொல்லவில்லை, உழைத்த காசு. காசு முடிந்த மறுநாள் என் படலையில் நிற்கிறார்கள். காசு ரவுணுக்குப் போகிறது, கடன் எனக்கு வருகிறது. வங்கி அட்டை வைத்திருக்கிற ஆசிரியருக்கும் அரசாங்க உத்தியோகத்தருக்கும் சனி, ஞாயிறில் அங்கே மரக்கறிக்குக்கூடக் கழிவு கிடைக்கும். வலை பொத்துகிறவனிடம் அந்த அட்டை இல்லை. அவனுக்குக் கிடைக்கிற ஒரே அட்டை என் கொப்பியின் மட்டைதான்.

இதற்கு மேல் கடன் கொடுக்க என்னால் முடியாது. முடியாது என்று சொல்கிற நாளில் அந்த வீட்டுக்குப் போக்கிடம் படகு முதலாளியான சம்மாட்டி அல்லது நுண்கடன்காரன். அந்தக் கதையின் முடிவை நீங்களும் கண்டிருக்கிறீர்கள்.

கடன் என்றால் இந்தத் தீவில் என்ன என்று ஒரு சின்னக் கதை சொல்கிறேன். எங்கள் அம்மா ரவுணில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் கொப்பி வைத்திருந்தா. 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, உப்புக்குளம், தாராபுரம் முஸ்லிம் சனங்களை விடுதலைப் புலிகள் வீடு வாசலை விட்டு வெளியேறச் சொன்னார்கள். வள்ளங்களில் கற்பிட்டிப் பக்கம் போனார்கள். முதலாளியும் போனார், கடையும் போயிற்று. யுத்தம் முடிந்து அவர் திரும்பி வந்து ஓட்டை ஒடிசலைத் திருத்திக் கடை திறந்தபோது, அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய் 340 ரூபாயை மேசையில் வைத்தா. அவர் கொப்பி எப்போதோ தொலைந்திருந்தது. கணக்கு அம்மாவின் தலையில் மட்டும்தான் இருந்தது. அவர் வேண்டாம் என்று மறுப்பார் என நினைத்தேன். இல்லை, எண்ணிப் பார்த்து வாங்கி லாச்சிக்குள் போட்டார். அம்மாவுக்கு அன்றைக்குத்தான் நிம்மதி. அந்த முதலாளியின் மகன் இப்போது கடையை உடுப்புக்கடை ஆக்கிவிட்டார். பலசரக்கில் இனி ஒன்றும் இல்லை என்கிறார்.

சரி, சங்கத்துக்கு வருகிறேன்.

1957இல் பலநோக்குச் சங்கங்கள் வந்தபோது கடைக்காரரிடமிருந்து சனத்தைக் காப்பாற்றத்தான் வந்தன என்று அப்பு சொல்வார். கூப்பன் அரிசிக் காலத்தில் சங்கக்கடை இல்லாமல் ஒரு வீட்டிலும் உலை கொதித்ததில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து கிடந்தபோது நிவாரணத்தை நிறுத்துத் தந்ததும் சங்கம்தான். கிராமிய வங்கி உங்களிடம் இருக்கிறது. கட்டடம் இருக்கிறது, களஞ்சியம் இருக்கிறது. கொழும்புக் கம்பனியிடம் இல்லாத ஒன்றும் உங்களிடம் இருக்கிறது: எந்த வீட்டில் எந்த மாதம் காசு இருக்காது என்ற அறிவு.

அவர்கள் மலிவாக விற்பதில் மந்திரம் எதுவும் இல்லை. நாடு முழுக்க இருக்கிற தங்கள் கடைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே தடவையில் வாங்குகிறார்கள். நான் வானில் வருகிற தம்பியிடம் ஆறு சவர்க்காரம் வாங்குகிறேன். தலைமன்னாரிலிருந்து ரவுண் வரைக்கும் என்னைப்போல எத்தனை முகப்புக் கடைகள்! எங்கள் தேவையைச் சேர்த்து எழுதி, சங்கம் ஒரே கொள்முதலாக எடுத்து, களஞ்சியத்தில் இறக்கினால் என்ன? நாங்கள் காசு கொடுத்து எடுத்துப் போகிறோம். சங்கக்கடை என்று தனியாக நடத்தி எங்களோடு போட்டி போட வேண்டாம். சில்லறைக்கு நாங்கள் இருக்கிறோம், மொத்தத்துக்கு நீங்கள் வாருங்கள். எங்கள் தீவிலிருந்து கொழும்புக்கு மீன் ஏற்றிப் போகிற கூலர் லொறிகள் வெறுமையாகத் திரும்புகின்றனவே, அவற்றில் சாமான் கொண்டு வரலாம் என்று ஒருநாள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கருவாட்டு வாசத்தில் பிஸ்கட் விற்கப் போகிறாயா?" என்றார். அந்த யோசனையை விட்டுவிட்டேன். லொறியை நீங்களே பாருங்கள்.

இரண்டாவது, கொப்பி. வாடைக்கால மூன்று மாதத்துக்குக் கிராமிய வங்கி எங்களைப் போன்ற கடைகளுக்குக் குறைந்த வட்டியில் சுழற்சிக் கடன் தரட்டும். நகை கேட்க வேண்டாம். கொப்பியைப் பாருங்கள். ஐந்து வருசக் கொப்பி என்னிடம் இருக்கிறது, யார் எந்த மாதம் கட்டினார்கள் என்று கோடு கோடாக இருக்கிறது. வராத கடனும் இருக்கிறது, மறைக்கவில்லை.

நகரசபைக்கும் பிரதேச சபைக்கும் இதன் பிரதியை அனுப்புகிறேன். அவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். கடை போட அனுமதி கொடுக்கும்போது, எங்கள் தீவுச் சாமானுக்கு அங்கே ஒரு தட்டு கேட்டு வாங்குங்கள். தீவுக்குள் நுழைகிறபோதே உப்பளத்தைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறோம். உப்புக்குத் தட்டுப்பாடு என்று இந்தியாவிலிருந்து இறக்கியபோது நானும் அந்தப் பக்கற்றைத்தான் விற்றேன். பனங்கட்டி, ஒடியல், கருவாடு, கொடுவா மீன் எல்லாம் எங்களிடம் இருக்கின்றன. அந்தக் கடையின் ஐஸ்பெட்டியில் படுத்திருக்கிற மீன் எந்தத் துறையில் இறக்கியது என்று ஒருநாள் போய்க் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை, பாவம்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அம்மாவின் பங்குப் புத்தகத்தோடு வருகிறேன். எத்தனையோ இடப்பெயர்வில் மண்ணுக்குள்ளும் பெட்டிக்குள்ளும் கிடந்ததில் அங்கத்துவ இலக்கம் அழிந்துவிட்டது. பெயர் தெரிகிறது. பழைய பேரேட்டில் பார்த்து இலக்கத்தைச் சொன்னால், பேச எழும்பும்போது அதைச் சொல்லித்தான் தொடங்குவேன்.

இப்படிக்கு,
வடகரையில் ஒரு கடைக்காரி