‘ஓடிவிடுகிறார்கள்’ என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் புற்றுநோய் மருந்து ஆய்வுகளைப் பற்றிய கட்டுரையில், ‘வெளிமாநிலக் குடும்பங்கள் பாதியில் ஓடிவிடுவதால் ஆய்வு பாழாகிறது’ என்று ஒரு வரி. குழந்தைகள் புற்றுநோய் வார்டில் 19 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். அந்த வரியைத் தாண்டிப் படிப்பது சிரமமாக இருந்தது.

மேற்கு வங்கத்தின் மால்டா பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்திருந்தார். 8 வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீளும் என்பதும், தொடக்க மாதங்களில் மருத்துவமனையை ஒட்டியே தங்க வேண்டும் என்பதும் தாங்கள் அறியாததல்ல. கணவர் அறுவடைக்கு ஊர் போய்விட்டார். அந்தத் தாய்க்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. தெர்மாமீட்டரில் காய்ச்சலுக்கு எல்லையான 100.4 டிகிரி இருக்கும் இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் கோடு போட்டுக் கொடுத்தேன். பாதரசம் அந்தக் கோட்டைத் தொட்ட இரவில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு லாட்ஜிலிருந்து வார்டுக்கு ஓடிவந்தார். நான் பார்த்த ஓட்டம் அதுதான்.

மருந்து ஆய்வில் மகளைச் சேர்ப்பதற்கான ஒப்புதல் படிவத்தைச் சாட்சியை வைத்து வங்காளத்தில் படித்துக் காட்டியிருந்தோம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், சிகிச்சை நிற்காது என்ற இடத்திலும் தலையாட்டினார். ஏழாவது வாரம் லாட்ஜ் அறை காலியாகக் கிடந்தது. அன்றிரவு என் குறிப்பேட்டில் எழுதினேன்: ‘தலையாட்டியதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். வாடகை எவ்வளவு என்று ஒருநாளும் கேட்கவில்லை.’

போனில் பிடித்தேன். “ஆய்விலிருந்து விலகினால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவீர்கள் என்று பயந்தேன், தீதி” என்றார். நான்காம் நாள் திரும்பி வந்தார். ஆய்வுக்கு வெளியே சிகிச்சை தொடர்ந்தது.

அதன் பிறகு படிவத்தை எடுக்கும் முன்பே வாடகையைக் கேட்கத் தொடங்கினேன். பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடுகட்டலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளே சொல்கின்றன. அதை எடுத்துச் சொன்னபோது, ‘இது நர்ஸ் பேசும் விஷயமா?’ என்று மேலே இருந்தவர்கள் கேட்டார்கள். தங்கள் கட்டுரையாளரும் ஒரு செவிலியரிடம்கூடப் பேசவில்லை. மே 12 செவிலியர் தினம் வந்தால் ‘வெள்ளுடைத் தேவதைகள்’ என்று படம் போடுகிறீர்கள். இரவுப் பணியில் ஒரு செவிலியர் எத்தனை கட்டில்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கடிதத்துக்கு மட்டும் தங்கள் இதழில் இடம் கிடைக்கவில்லை.

அந்தக் கடிதம் போகட்டும். ‘ஓடிவிடுவதால்’ என்பதை ‘ஊர் திரும்ப நேர்வதால்’ என்று அடுத்த இதழில் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கும்பகோணம்.