ரசீதில் ‘டி.பி.பி.எல்.’ என்று எழுதினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வாரிசுச் சொத்து பற்றிய உங்கள் தொடரில் நகை, பத்திரம், பழைய கார் என்று பலவும் வந்துவிட்டன. பீரோவுக்குப் பின்னால் உறைபோட்டு வைத்திருக்கும் தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத உரிமப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உரிமம் வைத்திருந்த பெரியவர் போனபிறகு அந்தத் துப்பாக்கி என்ன பாடு படுகிறது என்று பார்த்துப் பார்த்து மனம் நொந்து எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உரிமதாரர் இறந்துவிட்டால், பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு இது. வாரிசு தன் பெயருக்கு உரிமம் கேட்க 2016-ஆம் ஆண்டு விதிகளில் வழி இருக்கிறது. பழசுதானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று சிலர் வைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. பழங்காலத் துப்பாக்கிக்கு எந்தச் சலுகை பொருந்தும், எது பொருந்தாது என்பதை உரிமம் தரும் அதிகாரிதான் சொல்ல வேண்டும். நாமாக முடிவு கட்டக் கூடாது.

சரி, ஒப்படைத்தாயிற்று. ரசீதில் என்ன எழுதுகிறார்கள்? ‘டி.பி.பி.எல்., 12 போர், பழையது’. அவ்வளவுதான். இரட்டைக்குழல், பின்பக்கம் தோட்டா போடுவது, குழலின் உள்வாய் அளவு (‘போர்’) 12 என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. யார் செய்தது, எந்த ஊரில், எந்தக் காலத்தில் என்று எதுவும் கிடையாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றானது. மூன்று வைத்திருந்தவர்களில் பலர் கொடுத்தது எதை? இருப்பதிலேயே பழசை. எது விலைமதிப்புள்ளது என்று பார்க்க யாருக்கும் தெரியவில்லை, சொல்லித் தரவும் ஆளில்லை.

துப்பாக்கியின் ஜாதகம் அதன் குழலுக்கு அடியில்தான் இருக்கிறது. கையால் தாங்கிப் பிடிக்கும் மர முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிரித்துத் திருப்பினால், தோட்டா போடும் இடத்துக்குக் கீழே தட்டையான பகுதி தெரியும். குழல் வெடிக்காமல் தாங்குகிறதா என்று சுட்டுப் பார்க்கும் சோதனைச்சாலையின் முத்திரைகள் அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். இங்கிலாந்தின் பர்மிங்காம் சோதனைச்சாலை 1813-இல் தொடங்கியது. 1904 வரை கிரீடத்துக்குக் கீழே குறுக்கிட்ட இரு செங்கோல்கள்தான் அதன் அடையாளம். அதன்பிறகு கிரீடமும் பி.பி., பி.வி. என்ற எழுத்துகளும் வந்தன. முட்டை வடிவக் கட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்று இருந்தால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். அதன் தலையில் கிரீடமும் இருந்தால் 1893-க்குப் பிந்தையது.

ஒரு விண்ணப்பத்தோடு வந்த துப்பாக்கி இன்னும் கண்ணில் நிற்கிறது. இரு குழல்களையும் இணைக்கும் மேல்பட்டையில் கல்கத்தா கம்பெனி ஒன்றின் பெயர். உரிமப் புத்தகத்திலும் ‘கல்கத்தா மேக்’ என்றே எழுதி வைத்திருந்தார்கள். குழலைத் திருப்பிப் பார்த்தால் குறுக்குச் செங்கோல்கள், பக்கத்தில் ‘நாட் ஃபார் பால்’ என்ற சொற்கள். குழல்வாய் குறுகலாக இருப்பதால் ஒற்றை ஈயக்குண்டு போட்டுச் சுடாதே என்ற எச்சரிக்கை அது. 1875 முதல் 1887 வரைதான் அப்படிக் குத்தினார்கள். கல்கத்தாக் கடை விற்றது மட்டுமே. குழல் சோதனையானது பர்மிங்காமில். அந்த வீட்டில் யாருக்கும் இது தெரியாது.

பெயரை மட்டும் நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பெயர்பெற்ற ஆங்கிலேயக் கம்பெனி. ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று பொறித்து பெல்ஜியத்திலிருந்து மலிவுச் சரக்கு ஏராளமாக வந்தது. கிரீனர் என்ற இன்னொரு ஆங்கிலேயக் கம்பெனியின் பெயரையும் இப்படித்தான் படுத்தினார்கள். மேலே பெயரும் கீழே முத்திரையும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் முதல் மதிப்பீடு. அடுத்தது வரிசை எண். குழல், முன்கட்டை, விசைக்காப்பு மூன்றிலும் ஒரே எண் இருந்தால் துப்பாக்கி பிறந்தபடி முழுசாக இருக்கிறது என்று கொள்ளலாம். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பர்டி போன்ற கம்பெனிகளிடம் பழைய பேரேடுகள் உண்டு. எண்ணைக் கொடுத்தால் அது எந்த ஆண்டு செய்யப்பட்டது, யாருக்காக என்பதைக்கூட அறிய முடியும்.

அப்புறம் நிலைமை. குழல்களைத் தனியே கழற்றி, அடிக்கொக்கியில் விரல் மாட்டித் தொங்கவிட்டு நகக்கண்ணால் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் குழல்களை இணைக்கும் பட்டையின் ஈயப்பற்று எங்கோ விட்டிருக்கிறது. குழலின் மேல் வரிவரியாக நெளிவு தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி, காய்ச்சி அடித்தது. பெரும்பாலும் கரிமருந்துக் காலத்துக்கு உரியது. இன்றைய தோட்டாவை அதில் போட்டுப் பார்க்கவே கூடாது. பல பழைய 12 போர்களின் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு வெட்டியது. இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாவும் அதற்குள் தடையில்லாமல் போய் உட்கார்ந்துவிடும், அதுதான் ஆபத்து. சுடும்போது தோட்டாவின் மடிந்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

பாலிஷ் போடாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். தாத்தா ஞாபகமாயிற்றே, பளபளவென்று இருக்கட்டும் என்று பட்டறையில் கொடுத்து, முத்திரையும் செதுக்கு வேலையும் தேய்ந்துபோய்த் திரும்பிய துப்பாக்கிகளைப் பார்த்திருக்கிறேன். சேகரிப்பவர் தேடுவது அந்தப் பழைய நிறத்தைத்தான். குழலை வெட்டிக் குட்டையாக்குவது தனிக் குற்றம், விலையும் அத்தோடு போயிற்று.

விலை எவ்வளவு என்று என்னிடம் கேட்பவர்கள் லண்டன் ஏலத் தொகையை செல்போனில் காட்டுகிறார்கள். அது நமக்குப் பொருந்தாது. 100 ஆண்டு கடந்த வரலாற்றுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டம் விடாது. இங்கே வாங்குபவருக்கும் உரிமம் வேண்டும், ஆகவே சந்தை சின்னது. அதற்காகப் பழைய இரும்பு விலைக்குக் கேட்பவரிடம் தலையாட்ட வேண்டியதில்லை. முத்திரை, எண் எல்லாவற்றையும் படமெடுத்து இரண்டு மூன்று கடைகளில் காட்டிய பிறகே பேசுங்கள். உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அவர் கையாலேயே கழற்றச் சொல்லிப் படமெடுத்து வைத்துவிடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

அரசுக்கு என் வேண்டுகோள்: ஒப்படைப்பு ரசீதில் தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், முத்திரைகளின் படம் மூன்றையும் கட்டாயமாக்க வேண்டும். யாரும் கேட்டு வராத பழைய துப்பாக்கிகளை அழிக்கும்முன் அருங்காட்சியகத் துறையிலிருந்து ஒருவர் வந்து பார்க்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கிராமத்து வீடுகளிலிருந்து வந்தவற்றிலும் அங்கே வைக்கத் தக்கவை இருக்கும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு ஊழியர், தேனி மாவட்டம்