வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை: ஹாட்ஜ்சனை வாசித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டின் கூட்டங்கள் முதலாம் உலகப் போரில் மாண்ட ஆங்கிலத் திகில் எழுத்தாளர் வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சனுக்கென ஒதுக்கப்பட்டன. ஒருவரையே ஆண்டு முழுவதும் படிப்பதா என்று அன்று தயங்கியவர்களே பின்னர் ஒரு கூட்டமும் தவறாமல் வந்தார்கள் என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன்.

ஹாட்ஜ்சன் 1877 நவம்பர் 15 அன்று எசெக்ஸில் ஒரு பாதிரியாரின் மகனாக, பன்னிரண்டு பிள்ளைகளில் இரண்டாமவராகப் பிறந்தார். பதின்மூன்று வயதில் கடலுக்குப் போக வீட்டை விட்டு ஓடியவர், 1891இல் வணிகக் கப்பலில் பயிற்சிப் பையனாகச் சேர்ந்தார். மறு ஆண்டே தந்தை காலமாகிவிட, குடும்பம் வறுமையில் விழுந்தது. கப்பலில் பட்ட அடி உதைகளிலிருந்து தற்காத்துக்கொள்ளவே அவர் உடற்பயிற்சியில் இறங்கினார். நியூசிலாந்துக்கு அருகே, சுறாக்கள் திரியும் நீரில் விழுந்த சக மாலுமியைக் குதித்துக் காப்பாற்றியதற்காக 1898இல் ராயல் ஹியூமேன் சொசைட்டியின் பதக்கம் பெற்றார். 1899இல் பிளாக்பர்ன் நகரில் உடற்பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1902இல் அந்நகருக்கு வந்த மாயவித்தைக்காரர் ஹூடினியை மேடையில் விலங்கிட்டுப் பூட்டியவரும் இவரே.

பள்ளி நொடித்த பிறகுதான் எழுத வந்தார். எனினும், அவர் எழுத்துக்கு வேர் கடலில் கழித்த ஆண்டுகளே என்பது எங்கள் வாசிப்பில் உறுதியானது. 1907இல் வெளிவந்த ‘இரவில் ஒரு குரல்’ என்னும் கதையை விளக்கைத் தணித்து உரக்க வாசித்தோம். காற்றே இல்லாத இரவில், நடுக்கடலில் நிற்கும் பாய்மரக் கப்பலை ஒரு படகு நெருங்குகிறது. படகில் இருப்பவன் தனக்கும் தன் காதலிக்கும் உணவு கேட்கிறான். விளக்கை மட்டும் காட்ட வேண்டாம் என்று மன்றாடுகிறான். மனித உடலையே பூஞ்சையாக மாற்றும் தீவில் சிக்கியவர்கள் அவர்கள். விடியல் வெளிச்சத்தில் துடுப்பு வலித்துச் செல்லும் அவ்வுருவம் தலையசைக்கும் சாம்பல் நிறக் கடற்பஞ்சாகத் தெரியும் இடத்தை வாசித்து முடித்தபோது, நெடுநேரம் யாரும் பேசவில்லை. தமக்குக் கிடைத்த உணவுக்கு அவ்விருவரும் நன்றி சொல்லி அனுப்பும் பண்பு, பயத்தைக் காட்டிலும் ஆழமாகத் தைத்தது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னதை நானும் ஏற்கிறேன்.

1908இல் வந்த ‘எல்லைப்புற வீடு’ பலரையும் கவர்ந்தது. சூரியன் அணைந்த எதிர்காலத்தைச் சொல்லும் 1912ஆம் ஆண்டின் ‘இரவு நிலம்’ வலிந்து எழுதிய பழைய நடையால் சோர்வளித்தது. ஆனாலும் மனிதகுலத்தின் எஞ்சியோர் ஒதுங்கி வாழும் மாபெரும் உலோகப் பிரமிடை மறக்க முடியாது. பேய்களை ஆராயும் கார்னாக்கியின் கதைகளை ஒரே அமர்வில் முடித்துக்கொண்டோம்.

1913இல் மணமுடித்துத் தென் பிரான்சில் மனைவியோடு வாழ்ந்துவந்தவர், போர் மூண்டதும் நாடு திரும்பிப் பீரங்கிப் படையில் அதிகாரியானார். 1916இல் குதிரையிலிருந்து தூக்கியெறியப்பட்டு, தாடை எலும்பு முறிந்து, படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். கௌரவமாக வீட்டிலிருக்க அதுவே போதும். அவரோ உடல் தேறியதும் மீண்டும் படையில் சேர்ந்தார். 1918 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் குண்டு வெடித்து மாண்டார். வயது நாற்பது. ஏப்ரல் கூட்டத்தில் நாம் அனைவரும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஹாட்ஜ்சனின் எழுத்துகள் காப்புரிமைக் காலம் கடந்தவை என்பதால், ‘இரவில் ஒரு குரல்’ கதையை வட்டத்தின் சார்பில் தமிழாக்கம் செய்து சிறு நூலாகக் கொண்டுவரும் தீர்மானத்தை முன்வைக்கிறேன். பொதுக்குழு ஒப்புதல் அளிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்