கில்மெயிலில் பெயர் வராதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடைய நண்பர்களுக்கு,

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி இணைய விளையாட்டில் எதிரணியினரின் நாகில்ஃபார் வகை டிரெட்நாட்டை, அதாவது மாபெரும் போர்க்கப்பலை, அவர்கள் வசிக்கும் மண்டலத்திலேயே மறித்து வீழ்த்தியதற்காகச் சென்ற வாரம் முழுவதும் எனக்கு வாழ்த்துகள் வந்தவண்ணம் இருந்தன. படையை நடத்தியவன் என்ற முறையில் அவற்றைப் பெற்றுக்கொண்டேன். ஆனால் அவை சேர வேண்டியவர்களிடம் சேரவில்லை என்ற உறுத்தல் போகவில்லை. கப்பல் அழிந்ததும் விளையாட்டு தானே பதிவுசெய்யும் கில்மெயிலில், சுட்டவர்கள், தடுத்துப் பிடித்தவர்கள் ஆகியோரின் பெயர்கள்தாம் இடம்பெறும். வேவு பார்த்தவருக்கும், பழுது நீக்கியவருக்கும், வாசலில் காவல் நின்றவருக்கும் அதில் இடமில்லை. இம்மடல் அவர்களுக்கானது.

முதல் நன்றி, ஒன்பது இரவுகள் அந்த மண்டலத்தில் மறைதிரையை விலக்காமல் காத்திருந்த வேவுக்கப்பல் நண்பருக்கு. 2009 மார்ச்சில் அபோக்ரிஃபா விரிவாக்கத்துடன் வந்த, துளைகள் வழியாகச் செல்லும் வார்ம்ஹோல் மண்டலங்களுள் அதுவும் ஒன்று. அங்கே, மற்ற இடங்களைப் போல உள்ளே இருப்பவர்களின் பெயர்ப்பட்டியல் திரையில் தெரிவதில்லை. ஒருவர் தாமாக அரட்டையில் எழுதினாலொழிய அவர் பெயர் வெளிப்படாது. நாம் பதுங்குவதற்கு இது வசதி. ஆனால் எதிரணியில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பதை ஸ்கேனரில் வந்துபோகும் கப்பல்களைக் கொண்டே அவர் கணிக்க வேண்டியிருந்தது. தேடுகலங்களை ஏவினால் அவை அவர்கள் ஸ்கேனரிலும் தெரிந்துவிடும் என்பதால் ஒன்றைக்கூட அவர் ஏவவில்லை. எதனிடமாவது 2 கிலோமீட்டர் நெருங்கிவிட்டால் மறைதிரை கலைந்துவிடும் என்ற கட்டுப்பாட்டுக்குள் இருந்தபடியே, ஸ்லீப்பர்கள் எனப்படும், விளையாட்டே இயக்கும் எதிரிகளின் தளங்களுக்கு அந்த டிரெட்நாட் எப்போது வருகிறது, துணைக்கு யார் வருகிறார்கள், எவ்வளவு விரைவில் சீஜ் கருவியை இயக்குகிறது என்பதையெல்லாம் நாள்வாரியாக எழுதிவைத்தார். அந்தக் குறிப்பேடு இல்லாவிட்டால் இந்தத் திட்டமே இல்லை. சீஜ் நிலையில் டிரெட்நாட்டின் சுடுதிறன் பன்மடங்காகும். ஆனால் ஒரு சுற்று முடியும் 5 நிமிடங்களுக்கு அது நகர முடியாது, தோழர்கள் பழுது நீக்க வந்தாலும் பயனில்லை. அந்த 5 நிமிடங்களை நம்பித்தான் புறப்பட்டோம்.

அடுத்து, இருவருக்கு நான் நன்றியோடு மன்னிப்பும் கூற வேண்டும். ஒவ்வொரு துளையும் ஒரு குறிப்பிட்ட அளவு நிறையைத்தான் தாங்கும். அதைக் கடந்தால் மூடிக்கொள்ளும். நம் பாதையில் இருந்த துளை ஏற்கெனவே சுருங்கியிருந்ததை, வாசலில் நின்ற நண்பர்தாம் முதலில் கவனித்துச் சொன்னார். வேகம் கூட்டும் எரியூக்கியை இயக்கியபடி கடந்தால் நிறை கூடும் என்பதால் அனைவரும் அதை அணைத்துவிட்டே நுழைய வேண்டும் என்று வற்புறுத்தியவரும், ஒவ்வொரு கப்பலின் நிறையையும் கூட்டிப் பார்த்து இரண்டு போர்க்கப்பல்கள் அதிகம் என்று கண்டுபிடித்தவரும் அவரே. இந்தியாவில் அப்போது நள்ளிரவு கடந்திருந்தது. மறுநாள் வேலை இருந்தும் விழித்திருந்த அந்த இரு போர்க்கப்பல்காரர்களை, “நீங்கள் வெளியிலேயே நில்லுங்கள்” என்றேன். ஒரு சொல் மறுத்துப் பேசாமல் நின்றார்கள். திரும்பும் வழியைக் காத்துத் தந்தவர்களும் அவர்களே.

விளையாட்டின் ஜிட்டா சந்தையிலிருந்து, கப்பல்கள் தப்பாதபடி தடுக்கும் தடைக்குமிழி ஏவுகலங்களைக் கொண்டுவந்த சரக்குக் கப்பல் நண்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருப்பில் உள்ளவை போதும் என்று நான் அலட்சியமாகச் சொன்னதைப் பொருட்படுத்தாமல் அவர் கூடுதலாக வாங்கி வந்தார். ஒரு குமிழி 2 நிமிடமே நீடிக்கும். குமிழி ஏவும் நம் முதல் சேபர் கப்பல் ஸ்லீப்பர்களின் தாக்குதலில் வெடித்துச் சிதறியபின், இரண்டாவது சேபர் அந்தக் கூடுதல் இருப்பிலிருந்துதான் அடுத்தடுத்து ஏவியது. சீஜ் சுற்று முடிந்து நாகில்ஃபார் தப்ப முயன்ற நொடியிலும் அதைச் சுற்றிக் குமிழி இருந்ததற்குக் காரணம் நானல்ல, அவருடைய முன்யோசனை.

ஸ்லீப்பர்களும் டிரெட்நாட்டும் சேர்ந்து தாக்கியபோதும், பழுது நீக்கும் கார்டியன் கப்பல்களில் இருந்த மூவரும் நம் பால்கோர்ன் கப்பலைக் கடைசிவரை உயிரோடு வைத்திருந்தார்கள். அந்தக் கப்பல்தான் நாகில்ஃபாரின் மின்தேக்கியை உறிஞ்சி வற்றவைத்தது. அது வற்றிய பிறகே கேடயத்தை மீட்கும் கருவி நின்றது. சுட்ட நாங்கள் செய்தது எளிய வேலை.

இறுதியாக, அந்த நாகில்ஃபாரை ஓட்டியவருக்கும் நன்றி. விளையாட்டுப் பணமான இஸ்க்கில் பல நூறு கோடி மதிப்புள்ள கப்பல், மற்றக் கப்பல்கள் கிடைமட்டமாகப் பறக்க, கோபுரம்போல் நிமிர்ந்து நிற்கும் அந்த அழகான கப்பல், கண்முன்னே எரிந்துகொண்டிருந்தபோதும் அவர் கடைசிக் குண்டுவரை சுட்டார். அது வெடித்தபின் ஆளற்றதுபோல் கிடந்த அரட்டைப் பட்டியலில் முதன்முறையாக ஒரு பெயர் தோன்றியது. அதன் பக்கத்தில் “ஜிஎஃப்”, அதாவது நல்ல சண்டை, என்று எழுதியிருந்தார்.

நன்றியுடன்,
அன்று படையை நடத்தியவன்