இரவு மெயிலும் அம்மாவின் கண்ணும்

நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இரண்டு தடவை படித்துவிட்டேன், பதில் எழுத இன்றுதான் உட்கார முடிந்தது. புது வேலை பிடித்துப்போய்விட்டது என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். ஆனால் அதற்கு அடுத்தாற்போல, ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் கை தானாகப் போனைத் தேடுகிறது, ஆபீஸ் மெயிலை ஒரு தடவை பார்த்தால்தான் மறுபடி தூக்கம் வருகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாய் பார், நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். போன வருஷம் முழுக்க நானும் அப்படித்தான் இருந்தேன். உன்னிடம் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு, ஒன்பதே முக்கால் இருக்கும். படுக்கும் முன் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று மெயிலைத் திறந்தேன். மேலதிகாரியிடமிருந்து ஒரே வரி. "திங்கள் காலை வந்ததும் என்னைப் பார்க்கவும்." என்ன விஷயம், எதற்கு, ஒன்றும் இல்லை. படிக்க இரண்டு நொடிகூட ஆகியிருக்காது, ஆனால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதிலேயே போய்விட்டது. போன வாரம் அனுப்பிய அறிக்கையில் ஏதாவது தப்பா, வாடிக்கையாளர் யாராவது புகார் கொடுத்துவிட்டாரா, ஆளைக் குறைக்கப் போகிறார்களா என்று ஒவ்வொன்றாக நினைத்து, பழைய மெயில்களைத் தோண்டித் தோண்டிப் பார்த்து, நான் எழுதிய சாதாரண வரிகளில்கூடக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது என் கையில் போன்கூட இல்லை, அதைக் கவனி. "ம்... ம்..." என்று தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில், "அப்ப நீ கூட வர்றியா?" என்று கேட்டார். "எங்கம்மா?" என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஒண்ணுமில்லப்பா, நீ உன் வேலைய முடி, அப்புறம் சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டார். இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும், டாக்டர் தேதி கேட்கிறார். அவ்வளவு நேரமும் அம்மா சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். அக்கா சொல்லித்தான் அடுத்த வாரம் எனக்கே தெரிந்தது.

திங்கள்கிழமை போய்ப் பார்த்தால், அடுத்த மாதப் பயிற்சி வகுப்புக்கு யாரை அனுப்பலாம் என்று என்னிடம் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். ஐந்து நிமிஷத்தில் பேசி முடித்துவிட்டோம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மறந்துவிடுமே என்று நினைவு வந்தபோதே எழுதிப் போட்டிருக்கிறார். ஆனால் அம்மா கண்ணாடியைத் துடைத்தது மட்டும் மனசை விட்டுப் போகவே இல்லை.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். லியூபா பெல்கின், வில்லியம் பெக்கர், சமந்தா கான்ராய் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்று பேர், 2016இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். வேலை நேரம் முடிந்த பிறகு மெயிலுக்குப் பதில் எழுதும் நேரம் மட்டும் ஆளைச் சோர்வாக்குவதில்லை, எந்த நேரமும் மெயில் வரலாம், வந்தால் பார்த்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பே தனியாக ஒரு சுமைதான் என்கிறார்கள். மெயில் வராத ராத்திரியிலும் அந்தக் காத்திருப்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும். பெக்கரும் பெல்கினும் 2018இல் இன்னொன்றையும் சொன்னார்கள், இதனால் வேலை பார்ப்பவருக்கு மட்டுமில்லாமல் கூட வாழ்கிறவர்களுக்கும் பாதிப்பு என்று. அதைப் படித்தபோது எனக்கு ஆய்வாகவே தோன்றவில்லை, எங்கள் வீட்டுக் கதையாகத்தான் இருந்தது.

பார்த்தால்தான் நிம்மதி என்று நீ சொல்வது பொய் இல்லை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார். மூன்று மணிக்குத் திறக்கிறாய், புதிதாக ஒன்றும் இல்லை, அப்பாடா என்று ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சுக்காகத்தான் அடுத்த ராத்திரியும் கை போகிறது. பயத்தைத் தணிக்க ஒரு வழி கிடைத்துவிட்டால் உடம்பு அதையே பிடித்துக்கொள்ளும், பயம் மட்டும் அங்கேயே இருக்கும். ஒருவேளை ஏதாவது வந்திருந்தால்? அந்த நேரத்தில் உன்னால் என்ன செய்ய முடியும்? விடியும் வரை அதைச் சுமந்துகொண்டு படுத்திருப்பாய், அவ்வளவுதான்.

இன்னொரு ஆய்வு எனக்கு நிஜமாகவே ஆறுதலாக இருந்தது. லாரா ஜியூர்ஜ், வனெசா போன்ஸ் என்ற இரண்டு பேர் 2021இல் வெளியிட்டது. வேலை நேரத்துக்கு வெளியே அவசரமில்லாத ஒரு மெயில் வந்தால், எவ்வளவு சீக்கிரம் பதில் வர வேண்டும் என்று அனுப்பியவர் நினைக்கிறாரோ, அதைவிடச் சீக்கிரமாகப் பதில் போட வேண்டும் என்று வாங்கியவர் நினைத்துக்கொள்கிறாராம். அனுப்பியவர் சாவகாசமாகத்தான் இருப்பார், இங்கே நமக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. "இதற்கு அவசரம் இல்லை, வேலை நேரத்தில் பார்த்தால் போதும்" என்று ஒரு வரி சேர்த்தாலே வித்தியாசம் தெரிகிறதாம். என் மேலதிகாரி அந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால் அந்தச் சனிக்கிழமை நான் அம்மா பேச்சைக் கேட்டிருப்பேன்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் எனக்கு நேர்ந்தது. நான் அடுத்தவருக்குச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உன் கீழேயும் இப்போது ஆறு பேர் வேலை செய்கிறார்கள். எங்கள் டீமில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள், கெட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உட்கார்ந்து வாரத்துக்கான மெயில்களை எழுதி அனுப்பிவிடுவது என் வழக்கம். திங்கள் காலை எனக்குத் தலை லேசாக இருக்கும். அவளிடமிருந்து ஞாயிறு ராத்திரியே பதினொன்றேகாலுக்கெல்லாம் பதில் வந்துவிடும், பரவாயில்லையே, நல்ல சுறுசுறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பேச்சுவாக்கில், ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி ஆனாலே வயிறு கலங்க ஆரம்பித்துவிடும் சார், உங்கள் மெயில் வந்து பதில் போட்ட பிறகுதான் படுப்பேன் என்றாள். குறையாகச் சொல்லவில்லை, அவளுக்கு அது வேலையில் ஒரு பகுதி. எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை. என் தலையை லேசாக்கிக்கொள்ள அவள் தூக்கத்தை எடுத்திருக்கிறேன், அவள் மறுக்கவும் முடியாது. புதிதாகச் சேர்ந்தவள் எப்படி மறுப்பாள்?

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை எழுதினாலும் திங்கள் காலை ஒன்பது மணிக்குப் போகும்படி நேரம் குறித்துவிடுகிறேன், அந்த வசதி இப்போது பெரும்பாலான மெயில்களில் இருக்கிறது. டீமில் கூடிப் பேசி ஒன்றை முடிவு செய்தோம். நிஜமாகவே தலைபோகிற காரியம் என்றால் போன் செய்ய வேண்டும், மெயில் என்றால் அது காலை வரை காத்திருக்கும். நான்கு மாதத்தில் ராத்திரி போன் வந்தது மூன்றே தடவை, மூன்றும் எழுப்பியே ஆக வேண்டிய விஷயங்கள். போன் வரும் என்ற நம்பிக்கை இருப்பதால் மெயிலைப் பார்க்கத் தோன்றுவதில்லை, இதை நீ முயற்சி செய்து பார்த்தே ஆக வேண்டும்.

என் போனிலிருந்து ஆபீஸ் மெயிலை எடுத்தே விட்டேன். முதல் பத்துப் பன்னிரண்டு நாள் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன், பார்த்துக்கொண்டிருந்த காலத்தைவிடப் பதற்றம் கூடுதலாகவே இருந்தது. அப்போது உதவியது ஒரு சின்னப் பழக்கம். கிளம்பும் முன் பாதியில் நிற்கும் வேலைகளையும், நாளைக்கு அதில் எந்த இடத்தில் தொடங்குவது என்பதையும் காகிதத்தில் எழுதி மேஜையில் வைத்துவிட்டு வருவேன். அதை எங்கே தொடர்வது என்று தெரிந்துவிட்டால் மனசு சும்மா சும்மா நினைவுபடுத்துவதை நிறுத்திவிடுகிறது. பகலிலும் ஒரு நாளைக்கு மூன்று தடவைதான் மெயில் என்று வைத்துப் பார்த்தேன். 2015இல் கனடாவில் கோஸ்டாடின் குஷ்லெவ், எலிசபெத் டன் இருவரும் 124 பேரை வைத்து இதே மூன்று தடவைக் கணக்கைச் சோதித்து, அந்த வாரத்தில் மன அழுத்தம் குறைந்திருந்ததாக எழுதியிருக்கிறார்கள். பகலில் எனக்கு அது பாதிதான் கைகூடியது, என் வேலை அப்படி. ராத்திரிதான் முழுசாகக் கைகூடியிருக்கிறது.

இதற்கெல்லாம் சட்டம் வந்தால்தான் சரிப்படும் என்று எழுதியிருந்தாய். வேண்டும்தான், தனி ஆளாக மறுக்க எல்லாராலும் முடியாது. பிரான்ஸில் 2017 ஜனவரி 1 முதல், 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு ஊழியர் மெயில், போனிலிருந்து விலகியிருப்பதைப் பற்றி ஊழியர் தரப்போடு பேசியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரம் முடிந்தபின் வரும் செய்தியைப் பார்க்கவோ பதில் போடவோ ஊழியர் மறுக்கலாம், அந்த மறுப்பு நியாயமற்றதாக இல்லாத வரை. எனக்குப் பிடித்தது போர்ச்சுகல் 2021இல் கொண்டுவந்தது. மறுக்கும் பாரத்தை ஊழியர் தலையில் வைக்காமல், ஓய்வு நேரத்தில் தொடர்புகொள்ளாமல் இருப்பது முதலாளியின் கடமை என்று வைத்தார்கள். அந்தப் பெண்ணை நினைத்தால் இதுதான் சரி என்று படுகிறது. ஜெர்மனியில் வோக்ஸ்வாகன் கார் நிறுவனம் 2011லேயே ஒரு பகுதி ஊழியர்களுக்கு, வேலை முடிந்து அரை மணி நேரத்தில் போனுக்கு மெயில் போவதை சர்வரிலேயே நிறுத்தியது. அங்கேயே டெய்ம்லர் என்ற இன்னொரு கார் நிறுவனத்தில் 2014இல், லீவில் இருப்பவருக்கு வரும் மெயில் தானாகவே அழிந்துபோகும், அனுப்பியவருக்கு வேறு யாரைப் பார்க்கலாம் என்று பதில் போகும், அப்படி ஒரு வசதி. லீவு முடிந்து வந்து நானூறு மெயிலைப் பார்த்து மலைத்து நின்ற உனக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

ராத்திரி வேலை செய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்பிப் பிள்ளையைக் கூட்டி வந்துவிட்டு, மீதியை ஒன்பது மணிக்கு மேல் உட்கார்ந்து முடிக்கிறாய் என்றால் அது நீயே வகுத்துக்கொண்ட நேரம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கத்தில் கை போவதுதான் எனக்குக் கவலை. இந்த வாரம் போனைப் படுக்கும் அறைக்கு வெளியே வைத்துப் பார், ஏழு நாள் போதும். அப்புறம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுது.

அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எதிர் வீட்டுக் கதவு எண்ணைப் படித்துக் காட்டுகிறார், அவ்வளவு சந்தோஷம். இடது கண்ணுக்கு வரும் 14ஆம் தேதி. அன்றும் மறுநாளும் லீவு சொல்லிவிட்டேன். அன்றைக்கு அம்மா கூட நான்தான் போகிறேன். உன்னை விசாரித்தார், ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டுப் பேசு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்