முறைப்பாடு: 41/9 என்று விற்ற டிபரன்சியலுக்குள் 41/10

முகாமையாளர் அவர்களுக்கு,
ரீகண்டிஷன் உதிரிப்பாகப் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

தொலைபேசியில் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டதால் எழுத்தில் தருகிறேன். விடயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1990களின் டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் ஃபோர் வீல் கெப்புக்காக உங்களிடம் வாங்கிய பின் டிபரன்சியல் அது, எஞ்சின் சுற்றைக் குறைத்து இரண்டு பின் சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி. பற்றுச்சீட்டில் உங்கள் ஆளே தன் கைப்பட 4.56 என்று எழுதியிருக்கிறார், பிரதி இணைத்துள்ளேன். உள்ளே இருப்பது 4.10. பெரிய பற்சக்கரமான கிரவுண் வீலின் பல்லை, அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியனின் பல்லால் வகுத்தால் வருவதுதான் இந்த ரேஷியோ: 41/9 என்றால் 4.56, 41/10 என்றால் 4.10. பினியனில் 9 பல் இருக்க வேண்டும், 10 பல் இருக்கிறது.

ஓடர் கொடுத்தபோதே முன் டிபரன்சியல் 41/9, பின்னுக்கும் அதே வேண்டும் என்று கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். எஞ்சின் அறைத் தகட்டில் உள்ள அக்சில் குறியீட்டை நம்பிச் சொல்லவில்லை. இந்த வயது வாகனங்களில் தகடு ஒன்று சொல்லும், யாரோ எப்போதோ மாற்றிப் பூட்டியது வேறொன்றாக இருக்கும். அதனால் முன் டிபரன்சியலில் பல்லை எண்ணித்தான் எழுதினேன். இதற்கு மேல் வாங்குகிறவன் என்ன செய்ய வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

உங்கள் கவுண்டரில் கிடைத்த முதல் பதில்: "எண்ணிப் பாத்துத்தான் அனுப்பினோம், கிரவுண் வீல்ல 41 சரியா இருந்திச்சு."

ஐயா, 41/9இலும் கிரவுண் வீலில் 41 பல்தான். 41/10இலும் 41 பல்தான். வித்தியாசம் முழுக்கப் பினியனில் இருக்கிறது. கிரவுண் வீலை மட்டும் எண்ணி ரேஷியோ சொல்கிறவர் ஹைலக்ஸ் டிபரன்சியல் விற்கிற கவுண்டரில் எப்படி உட்கார்ந்திருக்கிறார்? பினியன் பல் கண்ணில் படவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது, அதுவும் உங்களுக்குத் தெரியாததல்ல. மேசையில் வைத்து, பினியன் முனையில் ஷாஃப்ட் பூட்டும் பிளேஞ்சில் ஒரு சோக் கோடு, கிரவுண் வீலில் ஒரு சோக் கோடு. பிளேஞ்சைக் கையால் சுற்றி, கிரவுண் வீல் சரியாக ஒரு சுற்று வரும்வரை எண்ண வேண்டும். நாலு சுற்றும் இன்னும் ஒரு துளியும் வந்தால் 4.10. நாலரைச் சுற்றைக் கொஞ்சம் தாண்டினால் 4.56. ஒரு சோக் துண்டு போதும். அந்தச் சோக் துண்டைச் சேமிக்கப் போய்த்தான் இவ்வளவும்.

டிபரன்சியல் தவறு என்று பொதியைத் திறந்ததும் ஏன் பார்க்கவில்லை என்றும் கேட்டீர்கள். உங்கள் ஸ்டிக்கரை நம்பியதால். ஸ்டிக்கரிலும் 4.56 என்றே ஒட்டியிருந்தீர்கள். படம் இணைப்பில் உண்டு.

பூட்டிய பிறகு என் பாஸ் (மெக்கானிக்) கண்டுபிடித்த விதத்தை எழுதுகிறேன், உங்கள் ஸ்டோருக்குப் பயன்படட்டும். பின்பக்கம் ஒரு சில்லை மட்டும் தூக்கி, மற்றது தரையில் நிற்க, கியரை நியூட்ரலில் விட்டு, தூக்கிய சில்லைக் கையால் 20 சுற்று சுற்றினார். ஒரு சில்லு நிற்பதால் இரண்டு சுற்றுக்குக் கிரவுண் வீல் ஒரு சுற்றுத்தான் வரும். 20 சுற்றுக்குக் கிரவுண் வீல் 10 சுற்று, ஆகவே 4.56 என்றால் கியர்பொக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் 45 சுற்றுக்கு மேல் போயிருக்க வேண்டும். 41இல் நின்றது.

இனி உங்கள் கொழும்புக் கிளைக்குக் கழற்றிக் கொண்டுவந்த அன்று நடந்தது. இந்தப் பொருளை வெளியே எடுப்பது சும்மா காரியமில்லை. ஒயிலை வடிக்க வேண்டும், இரண்டு பக்கமும் பிரேக் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள் கழற்ற வேண்டும், பேக்கிங் பிளேட்டில் பக்கத்துக்கு நாலு நட், இரண்டு அக்சிலையும் வெளியே இழுக்க வேண்டும், ஷாஃப்ட்டை விடுவித்து, ஹவுசிங்கைச் சுற்றி உள்ள 10 நட்டையும் எடுத்தால்தான் வெளியே வரும். திரும்பப் பூட்ட அக்சில் சீல், கேஸ்கட், 80டபிள்யூ-90 ஜி.எல்.-5 ஒயில் இரண்டு லீற்றருக்கு மேல், பிரேக்கில் காற்றும் எடுக்க வேண்டும். இவ்வளவும் செய்து, கூலி வாகனம் பிடித்து, கினிகத்தேனை வழியாக இறங்கி அந்தப் பாரத்தைக் கொண்டுவந்து உங்கள் வாசலில் இறக்கினால், "ஸ்டோர்கீப்பர் இன்னைக்கு லீவு, நாளைக்கு வாங்க." நாளைக்கு! நுவரெலியாவிலிருந்து வருகிறவனுக்கு!

வாசலிலேயே நின்று சத்தம் போட்ட பிறகுதான் உள்ளே இருந்து ஒருவர் வந்தார். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. நீல சேர்ட், காதில் பேனை. வரும்போதே, "ஒங்க பாஸுக்குப் பூட்டத் தெரியல." பினியனைக் காட்டினேன். குனிந்து எண்ணினார், இரண்டாம் தடவையும் எண்ணினார், 10தான் வந்தது. அப்போதாவது மன்னிப்பு வரும் என்று பார்த்தால் அவர் சொன்னது இது: "சரி, 9 பல்லுப் பினியன் மட்டும் தாறோம். கிரவுண் வீல் ரெண்டுக்கும் 41தானே, மாத்திப் போட்டுக்குங்க."

இதை உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கிரவுண் வீலும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்துச் சேர்த்த சோடி. இரண்டிலும் ஒரே இலக்கம் பொறித்திருப்பது அழகுக்கல்ல. 9 பல் பினியனின் பருமனும் பல்லின் சாய்வும் வேறு, 10 பல்லுக்கு வெட்டிய கிரவுண் வீலில் அது பொருந்தவே பொருந்தாது. பலவந்தமாகப் பூட்டினால் முதல் நாளே ஊளை, பிறகு ஒயிலில் இரும்புத் தூள், அதன் பிறகு ஏற்றத்தில் பாரத்தோடு பல் உடையும். சரியான சோடியையே மாற்றினாலும் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்துப் பினியன் ஆழம் பார்க்க வேண்டும், நசுங்கும் ஸ்பேசரைப் புதிதாகப் போட்டு பேரிங் இறுக்கம் பார்க்க வேண்டும், பேக்லாஷ் (பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான தளர்வு) 0.13க்கும் 0.18 மில்லிமீற்றருக்கும் இடையில் நிற்க வேண்டும், பல்லில் சாயம் பூசித் தொடுதடம் நடுவில் விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். "மாத்திப் போட்டுக்குங்க" என்கிறார்! என்னை முட்டாளாக்கியது போகட்டும். இதே ஆலோசனையை இவர் எத்தனை பேருக்குக் கொடுத்தாரோ?

அதை மறுத்ததும் அவர் இரண்டாவது யோசனை சொன்னார்: முன் ஹப்பை ஃப்ரீயில் விட்டு (முன் சில்லை அக்சிலிலிருந்து விடுவித்து), ஃபோர் வீல் போடாமல் ஓட்டலாமாம். ஃபோர் வீல் போடாமல் ஓட்டுவதற்கு நான் ஏன் ஃபோர் வீல் கெப் வைத்திருக்க வேண்டும்? மழை தொடங்கினால் மரக்கறித் தோட்டத்துப் பாதையில் டூ வீலில் ஒரு மூட்டை லீக்ஸ்கூட வெளியே வராது. ஃபோர் வீலில் விழுந்தால் முன் ஷாஃப்ட்டும் பின் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும், நடுவில் விட்டுக்கொடுக்க எதுவும் கிடையாது. முன்னுக்கு 41/9, பின்னுக்கு 41/10 இருந்தால், பின் சில்லு 10 மீற்றர் ஓடும்போது முன் சில்லு 9 மீற்றர்தான் ஓடும். சேற்றில் ரயர் வழுக்கித் தப்பிக்கும். காய்ந்த பாதையில் வழுக்க இடமில்லாமல் முறுக்கு ஏறி, லீவரைத் திரும்ப எடுக்க முடியாமல் இறுகும். கடைசியில் போவது யுனிவர்சல் ஜொயின்ட் அல்லது ட்ரான்ஸ்பர் கேஸ் (முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரிக்கும் பெட்டி) பல். அதற்கும் உங்களிடம்தான் வர வேண்டும், இல்லையா?

தொலைபேசியில் பேசிய உங்கள் சேவைப் பிரிவுப் பெண் மரியாதையாகத்தான் பேசினார், அதை மறைக்கவில்லை. ஆனால் அவருக்கு எழுதிக் கொடுத்த வசனம் "4.10 என்றால் டீசல் மிச்சம் சார்." அநுராதபுரம் பக்கத்துச் சமதரையில் வெறும் வண்டி ஓட்டுகிறவருக்குச் சொல்லுங்கள், சரி. 205 ஆர் 16 ரயரில் நாலாம் கியரில் 60 கிலோமீற்றர் வேகத்துக்கு 4.56இல் எஞ்சின் ஏறக்குறைய 1980 சுற்று, 4.10இல் 1780 சுற்று. இந்த டீசல் எஞ்சினின் இழுவை 2400 சுற்றுப் பக்கம்தான் முழுதாக வரும். இறம்பொடை வளைவுகளில் பாரத்தோடு ஏறும்போது 4.10 என்ன செய்யும்? மூன்றில் நிற்காது, இரண்டுக்கு இறங்கும். முதல் கியரில் புறப்பட கிளட்ச் மணக்கும். சில்லுக்குப் போகும் இழுவையில் பத்தில் ஒரு பங்கு அப்படியே போய்விட்டது. இதில் டீசல் எங்கே மிச்சமாகும்? ஸ்பீடோமீற்றர் கேபிள் கியர்பொக்ஸ் பக்கத்திலிருந்து வருவதால் கணக்கும் பிழைக்கிறது. முள்ளு 60இல் நிற்கும்போது வண்டி 66ஐத் தாண்டி ஓடுகிறது.

வண்டி நின்ற நாட்களில் கரட்டும் லீக்ஸும் தோட்டத்திலேயே கிடந்து போனது. தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் என் பெயரைச் சொன்னால் இப்போது யாரும் முன்பணம் தருவதில்லை. ஒரு போகமே போனது. ஒரு பல் கூடியதால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு நின்றது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

கோபத்தில் எழுதியதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனத்தில் நல்ல பொருளும் வருகிறது, அதை அறிந்துதான் வந்தேன். நான் கேட்பது இவ்வளவுதான். 41/9 முழு டிபரன்சியல் ஒன்று, பினியன் பல் எண்ணிய படத்துடன், உங்கள் செலவில் என் கராஜுக்கு வர வேண்டும். இல்லையேல் முழுப் பணமும் திரும்ப வேண்டும். எதுவானாலும் இரண்டு தடவைக் கழற்றிப் பூட்டிய கூலி, சீல், ஒயில், கொழும்புப் பயண வாகனக் கூலி ஆகியவற்றையும் தர வேண்டும், பில்கள் உண்டு. அந்த நீல சேர்ட் ஆள் எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் நல்லது.

ஓடர் படிவத்தையும் திருத்துங்கள். "ஹைலக்ஸ் பின் டிபரன்சியல்" என்று ஒரு வரி வைத்து விற்காதீர்கள். மற்ற டிபரன்சியலின் பல் எண்ணிக்கை என்ன, ரயர் அளவு என்ன என்று கேளுங்கள். 205 ஆர் 16 இருந்த இடத்தில் 31 அங்குல ரயர் போட்டவருக்கு விட்டம் 6 வீதம் கூடியிருக்கும். 4.10இல் ஓடியவர் பழைய இழுவைக்கு 4.30, அதாவது 43/10 தேட வேண்டும். 4.56இல் ஓடியவருக்கு 39/8 சரிவரும். அதுவும் ஃபோர் வீல் என்றால் முன் பின் இரண்டும் சேர்த்துத்தான். இதைக் கேட்காமல் விற்றால் என்னைப் போல இன்னும் பலர் வருவார்கள்.

இரண்டு வாரத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு போகும். விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது தெரியும், அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. பற்றுச்சீட்டு, ஸ்டிக்கர் படம், பினியன் படம் மூன்றும் பிரதியெடுத்துத் தயாராக உள்ளன. அந்த அளவுக்குப் போக விருப்பமில்லை, போக வைக்காதீர்கள்.

உங்கள் 41/10 ஒயில் வடித்து, சாக்கில் சுற்றி, கராஜ் வாசலில் இருக்கிறது. எடுக்க வருகிறவர் 41/9ஐயும் கையோடு கொண்டுவரட்டும். வரும் முன் பிளேஞ்சை ஒரு தடவை சுற்றி எண்ணிவிட்டு வண்டியில் ஏற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஹைலக்ஸ் கெப் உரிமையாளர்,
நுவரெலியா மாவட்டம்.