மண்டபக் காவலாளி ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

நாங்கள் ஒழுங்குசெய்த திரையிடலில் 'லத்லாந்தீத்' என்ற பழைய பிரெஞ்சு மௌனப் படம் முழுவதும் ஓடி முடிந்தது. இந்த ஒரு வரியை எழுதவே எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது! இன்னும் ஒழுங்காக நித்திரை வரவில்லை. நன்றியை ஆறவிடாமல் இப்போதே எழுதிவிட வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் படம் காட்ட இருந்த இடம் கைவிட்டுப்போய், கேட்ட கதவுகளும் பூட்டப்பட்டது இதை வாசிக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்பவும் கிளற விருப்பமில்லை. திரையிடல் இனி நடக்காது என்று எங்களில் பலர் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டோம். அப்புறமும் அது நடந்தது என்றால் அது உங்களால்தான்.

நுழைவுச்சீட்டுக் காசைத் திருப்பிக் கேட்காத அத்தனை பேருக்கும் நன்றி. இரவோடு இரவாகத் திரையைக் கழற்றி வான் வண்டியில் ஏற்றிவந்த தம்பிமாருக்கும், மூன்று மணி நேரத்துக்குக் கிட்ட ஓடும் படத்துக்கு இசைத்தாளே இல்லாமல் கீபோர்ட் வாசித்த பிள்ளைக்கும், வடையும் ரோல்ஸும் செய்து அனுப்பிய அக்காமாருக்கும் நன்றி. மௌனப் படக் காலத்தில் தென்னிந்தியக் கொட்டகைகளில், காட்சிகளுக்கு நடுவே திரையில் தோன்றும் எழுத்து அட்டைகளை உரக்க வாசித்துக் கதை சொல்ல ஒருவர் நிற்பார். அதே முறையில் பிரெஞ்சு அட்டைகளைத் தமிழில் வாசித்த இரண்டு மாணவிகளையும் மறக்கவே முடியாது. பாலைவனத்தில் தாகத்தில் தவிக்கும் காட்சியில் அவர்களுடைய குரலும் வரண்டுதான் போனது. பெயர் விடுபட்டவர்கள் கோபிக்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் நேரில் வந்து சொல்வேன்.

ஆனால் இந்த மடலை எழுத உட்கார்ந்தது ஒரு மனிதருக்காக. எங்களை அவருக்கு முன்பின் தெரியாது. கடைசி நேரத்தில் கிடைத்த அந்த மண்டபத்தின் இரவுக் காவலாளி அவர். பெயர் எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அதனால் ஐயா என்றே எழுதுகிறேன்.

பத்து மணிக்கு மண்டபத்தைப் பூட்ட வேண்டும். நாங்கள் தொடங்கவே நன்றாகப் பிந்திவிட்டது. பத்து மணி நெருங்கும்போது ஐயா திறப்புக் கோர்வையோடு கதவடியில் வந்து நின்றார். சரி, இத்தோடு முடிந்தது, பாதியில் நிறுத்தச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரையைப் பார்த்தபடி நின்றார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் குனிந்து, "இது எங்கே எடுத்த படம்?" என்று மெல்லக் கேட்டார். அல்ஜீரியா, ஆரேஸ் மலைப் பக்கம் என்றேன். "தெரியும். அது எங்கள் மலை" என்றார். வெளியே போய் யாருடனோ தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். "முடியும் வரை பாருங்கள், நான் நிற்கிறேன்" என்றார்.

படம் 'லத்லாந்தீத்'. ஜாக் ஃபேதேர் எடுத்து 1921இல் வெளிவந்தது. பியேர் பெனுவா 1919இல் வெளியிட்ட நாவலின் கதை. இரண்டு பிரெஞ்சு இராணுவ அதிகாரிகள் சகாராவின் நடுவில், ஹோக்கார் மலைக்குள், அன்தினேயா என்ற அரசியிடம் அகப்படுகிறார்கள். அவளைக் காதலித்து இறந்தவர்களின் உடல்களை அவள் பதப்படுத்தி வைத்திருக்கிறாள். ஒருவன் அவளை மறுக்கிறான். மற்றவன் அவளுக்காகத் தன் நண்பனையே கொல்கிறான். கதை ஹோக்காரில் நடந்தாலும், படக்குழு போனது அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே இருக்கும் ஆரேஸ் மலைக்கும், ஜிஜெல்லிக் கடற்கரைக்கும். எட்டு மாதம் அல்ஜீரியாவிலேயே தங்கினார்கள். அரண்மனைக் காட்சிகளைக்கூட அல்ஜியர்ஸ் அருகே பாப் எல் உவேதில் கூடாரம் அடித்து எடுத்தார்கள். ஸ்டுடியோவில் மணலைக் கொட்டி எடுத்துவிடலாம் என்று ஃபேதேர் நினைக்காததால்தான், நூறு வருடம் கழித்து ஒரு மனிதர் கதவடியில் நின்று தன் மலையை அடையாளம் கண்டார்.

இடைவேளை விட்டோம். வெளியே நல்ல குளிர். பார்த்தால் ஐயா தன் சின்ன அறையில் அடுப்பு மூட்டி, புதினா போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருக்கிறார். அவரிடம் இருந்ததோ ஆறேழு கிளாஸ்தான். குடித்தவர் கழுவிக் கொடுக்க, அடுத்தவர் வாங்கிக் குடிக்க, வரிசை படிக்கட்டு வரை நின்றது. எல்லோருக்கும் கிடைக்கும் வரை அவர் ஊற்றினார். தனக்கு ஊற்றிக்கொண்டதை நான் காணவில்லை.

அந்த வரிசையில்தான் அவர் கதைத்தார். பிரான்சிடமிருந்து விடுதலைக்காக அல்ஜீரியா போரிட்ட காலத்தில் பிரெஞ்சு இராணுவம் அவருடைய ஊரைக் காலிசெய்தபோது அவர் கைக்குழந்தை. தாய் அவரைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போனாராம். விடுதலைப் போர் 1954 நவம்பரில் வெடித்தபோது அதன் முதல் கோட்டைகளில் ஒன்று ஆரேஸ். அல்ஜீரியா முழுவதும் ஏறத்தாழ 20 லட்சம் கிராமத்தவரை இராணுவம் முகாம்களுக்கு மாற்றியது. நான் பிரெஞ்சில் கேட்டதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முகாம் என்றதும் எங்கள் சனத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வவுனியா முகாமில் இருந்து வந்த அம்மா ஒருவர், "அவற்ற வீடு இப்ப இருக்கோ எண்டு கேள் தம்பி" என்றார். கேட்டேன். வீடு இல்லை, அத்திமரம் நிற்கிறது என்றார். அந்த அம்மா ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவருக்கு ஒரு வடை எடுத்துக் கொடுத்தார்.

இரண்டாம் பாதியை நான் வேறு கண்ணோடுதான் பார்த்தேன். இந்தப் படத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். அதை மறைக்க மாட்டேன். மணல் மேட்டில் ஒட்டகங்கள் நிழல் விழ நடந்துபோகும் காட்சிகளுக்காகவே எத்தனை தரமும் பார்ப்பேன். இந்தப் படத்தின் பெரிய நடிகர் மணல்தான் என்ற பொருள்பட அந்தக் காலத்து விமர்சகர் லூயி தெல்லுக் சொன்னார். உண்மைதான். ஆனால் மணலைப் புகழ்ந்தவர்களுக்கு அந்த மணலில் இருந்த சனம் தெரியவில்லை. ஹோக்காரின் பாலைவன நாடோடிகளான துவாரெக் மக்களை பிரெஞ்சுப் படை தீத் என்ற இடத்தில் தோற்கடித்தது 1902இல். 19 வருடம் கழித்து வந்த படத்தில் கதை தலைகீழாக இருக்கிறது. சிறைப்படுவது பிரெஞ்சு அதிகாரிகள், சிறைவைப்பது மலையின் அரசி. அந்த அரசியாக நடித்ததும் பாரிஸ் நடனக்காரி ஸ்தாசியா நாப்பியர்கோவ்ஸ்கா. பாரிஸ் சனம் அதை கிளிஷி சதுக்கத்தில் இருந்த கோமோன் பலாஸ் திரையரங்கில் கூட்டம் கூட்டமாகப் பார்த்தது. குதிரையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்கும் மனிதர்கள், கிணற்றடியில் கமராவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பும் பெண்கள், இவர்களின் பெயர் எங்கும் இல்லை. ஐயா கடைசி வரை பார்த்தது அவர்களைத்தான். ஒருவர் ஓரத்தில் தோன்றினாலே அவருடைய கழுத்து முன்னால் நீளும்.

தானித் ஸெர்கா என்ற அடிமைப் பெண், நண்பனைக் கொன்ற அந்த அதிகாரிக்குத் தப்ப வழிகாட்டி, தன் ஊருக்குத் திரும்பும் ஆசையோடு பாலைவனத்தில் நடந்து, தாகத்தில் செத்துப்போகும் இடத்தில் மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. அரசியின் காதலைவிட அவளுடைய நடைதான் இந்தக் கதையின் உயிர் என்று எனக்கு எப்போதும் தோன்றும். அன்று அது எனக்கு மட்டும் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

எல்லோரும் கதிரைகளை மடித்து வைத்துவிட்டுப் போகும்போது கடைசி மெட்ரோவும் போய்விட்டது. ஐயா வீட்டுக்கு எப்படிப் போனார் என்று அடுத்த நாள்தான் விசாரித்து அறிந்தேன். நடந்தே போயிருக்கிறார். காசு கொடுக்கப் போனபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என் ஊரைக் காட்டினீர்கள்" என்றார், அவ்வளவுதான்.

ஐயா, இதை உங்களுக்கு யாராவது பிரெஞ்சில் வாசித்துக் காட்டுவார்கள். நீங்கள் அன்று கதவைப் பூட்டியிருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க முடியாது. எங்களுக்கு அந்த வாரத்தில் எத்தனையோ கதவுகள் பூட்டப்பட்டன. உங்கள் கதவு திறந்திருந்ததை இந்தச் சனம் மறக்காது.

ஒரு முடிவும் எடுத்திருக்கிறோம். இனி குடியேற்ற ஆட்சிக் காலத்துப் படம் எதைக் காட்டினாலும், அந்த மண்ணின் ஆட்கள் எடுத்த படம் ஒன்றையும் சேர்த்தே காட்டுவோம். முதலில் மொஹம்மத் லக்தர் ஹமீனா எடுத்த, 1975இல் கான் திரைப்பட விழாவின் உயர்ந்த விருதான தங்கப் பனை வென்ற அல்ஜீரியப் படம். வரட்சியில் காய்ந்த ஒரு கிராமத்தில் தொடங்கி, 1954 நவம்பரில் வந்து நிற்கும் கதை அது. அதே மண்டபத்தைத்தான் கேட்டிருக்கிறோம். நாளை மட்டும் இன்னும் குறிக்கவில்லை. ஐயாவுக்கு எந்தக் கிழமை விடுமுறை என்று கேட்டுத்தான் குறிப்போம். இந்தமுறை அவர் கதவடியில் நிற்காமல் முன்வரிசைக் கதிரையில் இருந்து பார்க்க வேண்டும்.